பாப்பா தலைமேல் செய்த சத்தியம்

தளவாய்புரம்,
வியாழன் மதியம்.

அன்புள்ள மாமாவுக்கு நாகஜோதி எழுதிக்கொண்டது. இங்கே நான், அத்தை, பாப்பா மூவரும் சுகம். சூரத்தில் வெயில் எப்படி? கம்பெனியில் ஓவர்டைம் குறைந்ததா? காலுக்குத் தைலம் தேய்க்கிறீர்களா, இல்லை பாட்டில் மூடி திறக்காமல் அப்படியே இருக்கிறதா?

கையில் போன் இருக்கக் கடிதம் எதற்கு, இவளுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதா என்று நினைப்பீர்கள். நீங்கள் கூப்பிட்டதும் அத்தை ஸ்பீக்கரைப் போட்டுப் போனை மடியில் வைத்துக்கொள்கிறார்கள். பெற்ற மனம், குறை சொல்லவில்லை. ஆனால் புருஷனிடம் பேச வேண்டியதை மாமியார் மடியைப் பார்த்து எப்படிப் பேசுவது? லீவில் வந்த அலெக்ஸ் அண்ணன் நாளை உங்கள் கம்பெனிக்குத் திரும்புகிறார். நான் தைத்த சட்டையை அவரிடம் கொடுத்துவிடுகிறேன். அதன் பைக்குள்தான் இது வருகிறது.

பாப்பாவுக்கு ஒன்பது மாதம் முடிந்துவிட்டது. நான் நைட்டி தைக்க உட்கார்ந்தால் போதும், மெஷினைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறாள். நின்றதும் ஒரு சிரிப்பு, அம்மாடி, உங்கள் வாய் அப்படியே! எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. என் கண் அவள் காலுக்குப் போய்விடுகிறது.

பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் கொடுத்த போலியோ சொட்டு மருந்தோடு சரி. ஒன்றரை மாதத்தில் அடுத்தது என்றதும் நீங்கள் சாமியாடாத குறை. மூன்று வயதில் காய்ச்சலுக்குக் கம்பவுண்டர் போட்ட ஊசியால்தான் உங்கள் கால் சூம்பிப் போனதாம். ஊசியோ சொட்டோ எதுவும் என் மகளுக்கு வேண்டாம் என்றீர்கள். என் கையைப் பிடித்துப் பாப்பா தலையில் வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டு கிளம்பினீர்கள். ரயிலுக்கு நேரமாகிறதே என்று நானும் செய்து தொலைத்தேன்.

போன மாதம் நர்ஸ் ஹெப்சிபா சிஸ்டர் வீட்டுக்கே தேடி வந்தார்கள். அத்தை கதவைச் சாத்திவிட்டு, “பிள்ள ராஜபாளையம் போயிருக்கு” என்று ஜன்னல் வழியாகச் சொன்னார்கள். உள்ளே நான் பாப்பாவுக்குப் பால் கொடுத்தபடி, அவள் சத்தம் போட்டுவிடக் கூடாதே என்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். சொந்த வீட்டில் திருடியைப்போல ஒளிந்திருந்தேன் மாமா. எனக்கு அவமானமாக இருந்தது.

மறுநாள் தைத்த நைட்டிகளைக் கடையில் கொடுக்கப் போனபோது சிஸ்டரைப் பார்த்து, உங்கள் கால் விஷயத்தைக் கேட்டே விட்டேன். “அந்தக் காய்ச்சலே போலியோதாம்மா. ஊசி குத்துனது இன்னுங் கொஞ்சம் கெடுத்திருக்கலாம். ஆனா கிருமி அதுக்கு முன்னாடியே உள்ள வந்தாச்சு” என்றார்கள். அழுக்குத் தண்ணீர், கழுவாத கை வழியாக வாய்க்குள் போய், குடலில் பெருகி, நரம்பைப் பிடித்துவிடுமாம். வந்த பிறகு காலைத் திருப்பித் தர மருந்தே கிடையாதாம். வராமல் தடுக்கத்தான் சொட்டும் ஊசியும். இப்போது இந்த நோய் எங்கே இருக்கிறது என்றேன். “வேற தேசத்துல இன்னும் இருக்கு. இங்க இல்லாம இருக்கறதே விடாம ஊத்துறதாலதான்” என்றார்கள். பிறகு, “அவிய சின்னதுல சொட்டு மருந்து குடிச்சாகளா?” என்று உங்களைப் பற்றிக் கேட்டார்கள்.

கான்சாபுரத்து வயலில் களையெடுப்பு வேலை இருந்ததால், உங்கள் சின்ன வயதில் சொட்டு மருந்துக்குப் போகவே இல்லை என்று அத்தையே ஒருநாள் பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறார்கள். இதை அவர்களிடம் கேட்டுவிடாதீர்கள். உங்களை இடுப்பில் தூக்கிக்கொண்டு எத்தனை ஆஸ்பத்திரி, எத்தனை கோயில் அலைந்தவர்கள். கம்பவுண்டரைத் திட்டியே இத்தனை காலம் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். திட்டிவிட்டுப் போகட்டும்.

இந்த ஞாயிறு இல்லை, அடுத்த ஞாயிற்றுக்கிழமை அங்கன்வாடியில் போலியோ முகாம். அன்று அத்தை காதுகுத்துக்குச் சோழபுரம் போகிறார்கள். பாப்பாவுக்குச் சளி என்று சொல்லி நான் இருந்துகொள்வேன். அங்கன்வாடி நாலு வீடு தள்ளித்தான். ஆனால் எனக்குக் கால் எழவில்லை. சத்தியத்தை மீறினால் பிள்ளைக்கு ஆகாதே என்று பயம். மீறாவிட்டால் பிள்ளை என்ன ஆவாளோ என்றும் பயம். இரண்டு பக்கமும் சுவர் மாமா, நடுவில் நான். அதெல்லாம் ஒன்றும் ஆகாது என்கிறார்கள் சிஸ்டர். அவர்களுக்கென்ன, பாப்பா தலையில் இருந்தது என் கையல்லவா? வாங்கியது நீங்கள். நீங்கள்தான் என்னை விடுவிக்க வேண்டும்.

முகாமுக்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம் வழக்கம்போலக் கூப்பிடுவீர்கள். அத்தை பக்கத்தில் இருப்பார்கள். சரி என்றோ வேண்டாம் என்றோ உங்களால் சொல்ல முடியாது. அதனால் எப்போதும் கேட்பதுபோல, “ஏட்டி, சாப்பிட்டியா?” என்று கேளுங்கள். சத்தியத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டீர்கள் என்று புரிந்துகொள்வேன். ஞாயிறு சொட்டு மருந்து. அதன்பின் விட்டுப்போன சொட்டும் ஊசியும் சிஸ்டர் சொல்லும் முறைப்படி.

வேண்டாம் என்றால், அதைக் கேட்காமல் போனை வைத்துவிடுங்கள். கல்யாணமான நாளிலிருந்து, சண்டை போட்ட அன்றுகூட, நீங்கள் அதைக் கேட்காமல் இருந்ததில்லை.

தீபாவளிக்கு நீங்கள் ரயிலை விட்டு இறங்கும்போது, நம் மகள் உங்களைப் பார்த்து ஓடி வர வேண்டும். நம் குலசாமி அவள் இரண்டு காலையும் காக்கட்டும்.

இப்படிக்கு,
அந்தச் சனிக்கிழமை நீங்கள் கேட்கும்வரை
சாப்பிடாமல் காத்திருக்கப்போகும்
உங்கள் நாகஜோதி