உன்னைப் பற்றிய ஒரு வரி

இன்று காலை கணினித் திரையில் உன் பேச்சு சிவப்பு எழுத்தில் வந்து நின்றது. "இது நீயா சொல்றதா கணே? ஆதாரம் எங்க?" நாம் இருவரும் சேர்ந்து செய்த மென்பொருள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. இணையக் கலைக்களஞ்சியத்தில் ஒரு பழைய நிரல்மொழியைப் பற்றி நாம் எழுதிய கட்டுரையை வாரந்தோறும் சோதித்து, ஆதாரம் நிற்காத வரிகளைப் பிடித்துக் கொடுக்கிறது. எச்சரிக்கைகளை எல்லாம் நீ பேசுகிற மாதிரியே, 'டீ'க்குப் பதிலாக வரும் அந்தக் கன்னடக் 'கணே' உட்பட, எழுதி வைத்தாய். அதற்காக அன்று உன்னை எவ்வளவு கிண்டல் செய்தேன்! நீ போய் ஏழு மாதமாகிறது. காபி ஆறும்வரை அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நமக்கு அந்த மொழியின் மேல் அப்படி என்ன பைத்தியமோ. தகடு வெட்டும் பழைய இயந்திரங்களுக்குக் கட்டளை கொடுக்க மட்டுமே பயன்பட்ட நிரல்மொழி அது. பீன்யா தொழிற்பேட்டையைத் தாண்டினால் அதன் பெயர் தெரிந்தவர்கள் இல்லை. அப்போது அதற்கு முழுக் கையேடு என்று ஒன்றும் கிடையாது. சனிக்கிழமைகளில் நீலசந்திராவிலிருந்து ஸ்கூட்டரில் வந்து என்னை ஏற்றிக்கொள்வாய். உனக்கென்ன, பிறந்து வளர்ந்த ஊர். கன்னடத்தில் நாலு வார்த்தை பேசி எந்தப் பட்டறைக்குள்ளும் நுழைந்துவிடுவாய். ஆம்பூரிலிருந்து வந்த நான் நோட்டும் கையுமாகப் பின்னால் நிற்பேன். எண்ணெய்க் கறை படிந்த தாள்களைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு கட்டளையையும் ஓட்டிப் பார்த்து நீ கையேட்டை எழுதினாய். நான் படம் போட்டுக் கொடுத்தேன். பாதி நேரம் சண்டை, மீதி நேரம் வடை.

ஒருமுறை ஒரு மேஸ்திரி, துளை போடும் கட்டளையை இந்த மொழியில் சேர்த்ததே தான்தான் என்றார். அதை உடனே கட்டுரையில் போட வேண்டும் என்று நான் குதித்தேன். "அவரு பொய் சொல்லல டீ, நானும் நம்பறேன். ஆனா எங்க அச்சாயிருக்கு? சும்னே சேர்க்காத" என்றாய். நான் விடவில்லை. நம் அலுவலகச் செய்திமடலில் அதை நானே எழுதி, அதையே ஆதாரமாகவும் காட்டிவிட்டேன். கண்டுபிடித்து நீ சிரித்த சிரிப்பில் கேன்டீனே திரும்பிப் பார்த்தது. "நீயே எழுதிட்டு நீயே சாட்சி சொல்லுவியா? நல்லா இருக்கு கணே உன் நியாயம்!"

அன்றே அந்த வரியை அழித்துவிட்டு, மென்பொருளில் ஒரு சோதனையைக் கூட்டினாய். ஆதாரத்தை எழுதியவரும் அதைக் கட்டுரையில் சேர்த்தவரும் ஒரே ஆளாக இருந்தால் பிடித்துவிடும். எனக்காகவே வைத்த பொறி என்று எனக்குத் தெரியாதா? இரண்டு நாள் உன்னோடு பேசவில்லை.

இன்று அதில் சிக்கியது உன்னைப் பற்றிய வரி. இம்மொழிக்கு முதல் முழுக் கையேட்டை எழுதியவர் என்று உன் பெயரைச் சேர்த்திருந்தேன். ஆதாரம், நீ போன பிறகு அதே செய்திமடலில் நான் எழுதிய அஞ்சலி. வேறு எதைக் காட்டுவேன்? கையேட்டின் அட்டையில்கூட உன் பெயர் இல்லை. "பேரு எதுக்கு டீ, உள்ள இருக்கறது சரியா இருந்தா போதாதா?" என்று தடுத்துவிட்டாய். இப்போது பார், தேடினால் நீ எங்குமே இல்லை. உன் மேல் எனக்குக் கோபம்தான்.

அந்தச் சோதனையை நிறுத்திவைக்க எனக்கு வழி தெரியும். ஒரு நிமிட வேலை. கை அங்கே போகவும் செய்தது. பிறகு, அந்த மேஸ்திரிக்கு ஒரு நியாயம், உனக்கு ஒரு நியாயமா என்று தோன்றியது. வரியை அழித்தேன். காரணம் கேட்கும் கட்டத்தில் 'ஆதாரம் இல்லை' என்று தட்டச்சு செய்யும்போது அழுதுவிட்டேன்.

இப்போதெல்லாம் யார் எதைச் சொன்னாலும் "யார் பார்த்தது?" என்று கேட்டுத் தொலைக்கிறேன். அலுவலகத்தில் முகம் சுளிக்கிறார்கள். உன்னிடமிருந்து ஒட்டிக்கொண்டது, போகமாட்டேன் என்கிறது. ஆனால் இது கட்டுரை இல்லை, உனக்கு எழுதும் மடல். இங்கே சொல்லிவிடுகிறேன். அந்தக் கையேட்டை முதல் பக்கம் தொடங்கிக் கடைசிப் பக்கம் வரை எழுதியவள் நீ. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்தேன்.