தலைவலி நோட்டில் விட்டுப்போன வரி

என்னை இடுப்பில் தூக்கிச் சுமந்த என் செல்லம்மா அக்காவுக்கு,

நீ போய் மூன்று மழைக்காலம் ஆகிவிட்டது. நெல்லியாளம் பக்கம் இன்னும் அதே மழை, அதே அட்டைப்பூச்சி, வரிசையாகக் கட்டிவிட்ட அதே லயத்து வீடு. நான்தான் களைத்துவிட்டேன். ஆனாலும் இந்த எஸ்டேட்டில் என்னைத் தெரியாத ஆள் கிடையாது. எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவனை 'டாக்டர் மாமா' என்று கூப்பிடுகிறார்கள் என்றால் சும்மாவா? நாடுகாணி ரோட்டில் நாலு யானையை ஒரே அதட்டலில் காட்டுக்குள் திருப்பி அனுப்பியவன் நான். உனக்குத் தெரியாததா?

ஒரு சேதி சொல்லத்தான் எழுதுகிறேன். உன் மகள் மலருக்கு உன் தலைவலி வந்துவிட்டது.

அதே பாதித் தலை, அதே வாந்தி. கொழுந்து பறிக்கும்போது மூடுபனி விலகி வெயில் பளீரென்று அடித்தால், "மாமா, கண்ணோரத்துல ரம்பம் ஓடுது" என்பாள். நீயும் ரம்பம் என்றுதானே சொன்னாய்? நான் அதை மலையில் திரியும் பேய் என்று மேல் லயம், கீழ் லயம் முழுக்கச் சொல்லி, மந்திரித்த கயிறு ஒன்றையும் உன் கையில் கட்டிவிட்டேன். பேயை நானே பார்த்ததாகச் சொன்னேன். அது என்ன நிறம் என்றுகூடச் சொன்னேன்.

கயிறோடு விட்டேனா? என் சட்டைப்பையில் எப்போதும் வலி மாத்திரை அட்டை இருக்கும். காலையில் மஸ்டரில் வேலைக்குப் பேர் கொடுக்க நிற்கும்போது யாராவது நெற்றியைப் பிடித்தால் போதும், ஒன்றைப் பிய்த்துக் கையில் வைத்து, ஒரு வாய்த் தேத்தண்ணியும் கொடுத்துவிடுவேன். பேர் விழாவிட்டால் அன்றைய கூலி போய்விடுமே. உனக்கு வருஷக்கணக்காக அப்படித்தான் கொடுத்தேன். மலருக்கும் கொடுத்தேன்.

போன வருஷம் அவள் தேயிலைச் செடிகளுக்கு நடுவிலேயே சுருண்டு விழுந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அங்கே ஒரு சின்ன வயசு டாக்டரம்மா. உன் தலைவலி, என் பேய் எல்லாவற்றையும் சொன்னேன். "இது ஒற்றைத் தலைவலி. பேயுமில்ல, நடிப்புமில்ல. அம்மாவுக்கு இருந்தா பொண்ணுக்கும் வரலாம்" என்றார். மருந்து எழுதிக் கொடுத்து, ஒரு நோட்டும் போடச் சொன்னார். என்றைக்கு வலித்தது, என்ன சாப்பிட்டாள், எப்படித் தூங்கினாள், எந்த மாத்திரை போட்டாள், எல்லாம் அதில் ஏற வேண்டும்.

வலிக்கும்போது அவளால் எழுத முடியுமா? நான் எழுதினேன். என் கையெழுத்துக்குத்தான் என்ன குறை! 'இன்று வலி பத்துக்கு நூறு. வானம் இடிந்தது. மயில் அலறியது.'

மலர் படித்துப் பார்த்தாள். "மாமா, இதப் படிச்சா நான் ரெண்டு தடவ செத்துப் பொழச்ச மாதிரி இருக்குது. இது என் தலைவலியா, சினிமாக் கதையா?"

"டாக்டரம்மாவுக்கு வெளங்கணுமில்ல?"

ஒன்றை மட்டும் எழுதவில்லை. என் மாத்திரை. ஒரு வைத்தியனின் மருந்தை இன்னொரு வைத்தியரிடம் காட்டுவது மரியாதையில்லை என்று நினைத்தேன்.

அடுத்த மாதம் டாக்டரம்மா நோட்டைப் புரட்டினார். "மாசம் பூரா வலி. ஆனா நான் குடுத்தது தவிர மாத்திரை ஒண்ணுகூட எழுதல. வெளிய வாங்கி எதுவும் போடலையாம்மா?"

மலர் என்னைப் பார்த்தாள். என் பேர் கெடக் கூடாதென்று, "இல்லீங்க" என்றாள்.

"அப்படின்னா மருந்தக் கூட்டித்தான் பாக்கணும்" என்று அவர் பேனாவை எடுத்தார்.

பார்த்தாயா, அக்கா? இல்லாத மயிலை நம்பி அவர் மருந்தைக் கூட்டப் போகிறார். விழுங்கப் போவது உன் பிள்ளை.

"நாந்தாங்க குடுத்தேன்" என்றேன். "தினமும் ரெண்டு."

"மூணு, மாமா" என்றாள் மலர், மெதுவாக.

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "வலி மாத்திரைய மாசத்துல பாதி நாளுக்கு மேல போட்டா, அந்த மாத்திரையே தலைவலியக் கொண்டாந்துரும், ஐயா" என்றார்.

உனக்கும் அப்படித்தானா, அக்கா? சுவரைப் பார்த்துக்கொண்டு நீ படுத்துக் கிடந்த நாட்களில் எத்தனை உன்னுடைய வலி, எத்தனை நான் கொடுத்தது? இதை இனி யாரிடம் கேட்பது?

என் மாத்திரையை நிறுத்தியதும் முதல் இரண்டு வாரம் வலி இன்னும் கூடியது. கூடும், பொறுக்க வேண்டும் என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார். ஜன்னலில் கம்பளியைக் கட்டிவிட்டு வாசலில் உட்கார்ந்து, அக்கம்பக்கத்து டிவியை அடக்கிக்கொண்டிருந்தேன்.

"என்ன டாக்டர் மாமா, பையில மாத்திரை தீந்து போச்சா?" என்றாள் பக்கத்து வீட்டு ராணி.

"டாக்டர் வேலைய விட்டுட்டேன் தாயி."

இதுவும் என் கதைகளில் ஒன்று என்று நினைத்து அவள் சிரித்தாள்.

இப்போது மலர் வேளைக்குச் சாப்பிடுகிறாள். வெறும் தேத்தண்ணியோடு மலையேறுவதில்லை. தினமும் ஒரே நேரத்துக்குப் படுக்கிறாள். வெயிலுக்கு அகலத் தொப்பி போடுகிறாள். வலி தொடங்கும்போதே டாக்டரம்மா எழுதிய மாத்திரை ஒன்று, அதுவும் அவர் சொன்ன கணக்குக்கு மேல் கிடையாது. தலைவலி ஒரேயடியாகப் போய்விடவில்லை. இந்த மாதம் ஐந்து நாள் வந்தது. நோட்டிலும் ஐந்து என்றுதான் இருக்கிறது. இடியும் மயிலும் இல்லை. உள்ளதை உள்ளபடி எழுதுவது இவ்வளவு அலுப்பான வேலை என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, அக்கா. நாலு வரியில் கை ஓய்ந்துபோகிறது.

ஆனாலும் உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். மலரின் நோட்டில் நடந்தது மட்டும்தான் ஏறும், நான் செய்ததும் சேர்த்து. அதற்குப் பழக்கம் வேண்டும் இல்லையா, உன்னிடமே தொடங்குகிறேன். நாடுகாணியில் நின்றது ஒரே ஒரு யானை. அது தானாகத்தான் திரும்பிப் போனது. நான் மரத்துக்குப் பின்னால் இருந்தேன்.

உன் கடைசித் தம்பி,
முத்தையா