பாபி வரட்டும் என்று காத்திருக்கும் சந்து

பாசத்துக்குரிய மதினிக்கு,

நீங்கள் போய் எட்டு மாதமாகிறது. பாசம் என்று எழுதிவிட்டேன், பொறாமை என்றுதான் எழுதியிருக்க வேண்டும். செத்துப்போன மதினி மேல் பொறாமைப்படும் நாத்தனாரை எங்காவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

நேற்று நம் சந்துக்குப் போயிருந்தேன். பன்னிரண்டு வீட்டுக்கும் தனித்தனிக் கழிப்பறை, எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சந்துக்கு அடியில் ஒரே செப்டிக் டேங்க் என்று நான் வரைந்து கட்டினேனே, அது இன்னும் நாற்றமில்லாமல் ஓடுகிறது. அடுத்த சந்திலும் கட்டப்போகிறோம். முதல் வீட்டு ஷப்னம் டீ கொடுத்தாள். நான் எப்படி இருக்கிறேன் என்றுகூடக் கேட்கவில்லை. "பாபி கப் ஆயேங்கி?" பாபி என்றால் அவர்கள் மொழியில் மதினி; நீங்கள் எப்போது வருவீர்கள் என்பதுதான் அவளுக்குத் தெரியவேண்டும்.

முதல் தடவை நான் வரைபடத்தை விரித்தபோது எல்லாப் பெண்களும் தலையாட்டினார்கள். ஒரு மாதமாகியும், எங்களுக்குக் கட்டுங்கள் என்று ஒரு வீட்டிலும் பெயர் கொடுக்கவில்லை. ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குச் சின்ன வெங்காயம் வாங்கக் கிளம்பிய நீங்கள், வழியில் என்னோடு இறங்கினீர்கள். செங்கல் துண்டால் கழிப்பறையை முழு அளவில் தரையில் வரையச் சொன்னீர்கள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அதில் குந்தி உட்கார்ந்து, "டீக் ஹை?", சரியா இருக்கா, என்றீர்கள். பெண்கள் சிரித்தார்கள். ஷப்னம் மட்டும் உங்கள் தோளைப் பிடித்து வடக்குப் பக்கம் திருப்பி உட்காரவைத்தாள்.

குழாய் நீளம் குறையும் என்று நான் கழிப்பறைப் பீங்கானை மேற்கு பார்த்து வைத்திருந்தேன். அது அவர்கள் தொழும் திசை. கழிப்பறையில் அந்தப் பக்கம் முகமும் காட்டமாட்டார்கள், முதுகும் காட்டமாட்டார்கள். டெல்லியிலேயே பிறந்து சிவில் இன்ஜினியரிங் படித்த என்னிடம் யாரும் சொல்லவில்லை. இந்தியில் நாலு வார்த்தை தெரிந்த உங்களுக்கு ஐந்தே நிமிடத்தில் காட்டிவிட்டார்கள்.

"ஏளா, நீயும் ஒரு தடவ உக்காந்து பாரேன். கூச்சமா இருக்கோ?" என்றீர்கள். கழுத்தில் அடையாள அட்டையோடு எப்படி உட்காருவேன்? அன்றைக்கே படத்தைத் திருத்தி, கீழே என் பெயரை மட்டும் போட்டேன். எல்லோரும் பாராட்டினார்கள். நீங்கள் கேசரி கிண்டிக் கொடுத்தீர்கள். உங்கள் பெயரை நான் விட்டுவிட்டது தெரிந்துதான் கொடுத்தீர்களா?

பாபி ஊருக்குப் போயிருக்கிறார் என்று எட்டு மாதமாக ஷப்னத்திடம் சொல்லிவருகிறேன். உண்மையைச் சொன்னால் எல்லோரும் உங்களுக்காக அழுவார்கள். எனக்காக அப்படி அழமாட்டார்கள். அதைக் கண்ணால் வேறு பார்க்கவேண்டுமா?

ஆனால் அடுத்த சந்தில் வீடுகளின் அமைப்பே வேறு. பாபி வந்து உட்கார்ந்து பார்க்கட்டும், அப்புறம் பெயர் கொடுக்கிறோம் என்கிறார்கள் அந்தப் பெண்கள். அதுவரை அவர்களுடைய மகள்கள் விடியுமுன் ரயில் தண்டவாளப் பக்கம்தான் போய்வருகிறார்கள். நான் சொன்ன பொய்யால்.

நாளைக் காலை போகிறேன், மதினி. நீங்கள் இனி வரமாட்டீர்கள் என்று சொல்லிவிடுகிறேன். அழட்டும். அழுது முடியும்வரை கூடவே இருக்கிறேன். பிறகு அடையாள அட்டையைக் கழற்றி ஷப்னத்திடம் கொடுத்துவிட்டு, செங்கல் துண்டால் கோடு போட்டு, நானே அதில் குந்தி உட்காருவேன். எந்தப் பக்கம் திருப்புகிறார்களோ, அந்தப் பக்கம் திரும்புகிறேன்.

புதுப் படத்தில் உங்கள் பெயர் முதலில் இருக்கும். என் பெயரைப் பக்கத்தில் போட்டுக்கொள்கிறேன். அதையும் விட்டுக்கொடு என்று மட்டும் கேட்காதீர்கள்.

உங்கள் பொல்லாத நாத்தனார்,
கோமதி