உங்கள் குரலுக்கு மாதச் சந்தா

என் பிரியத்துக்குரிய அண்ணி,

சம்பா நடவு முடிந்துவிட்டது. வாய்க்காலில் தண்ணீர் கரை தொட்டு ஓடுகிறது. அண்ணன் மஸ்கட்டுக்குத் திரும்பிப் போய்விட்டார். இவை நல்ல சேதிகள். இன்னொன்று இருக்கிறது, அதை என்ன கணக்கில் சேர்ப்பதென்று எனக்கே தெரியவில்லை. அந்தச் செயலிக்காரனைப் பழிவாங்கிவிட்டேன்.

நீங்கள் இலவசமாகப் போட்டுக்கொண்டிருந்த ஆரி வேலை வீடியோக்களைப் பார்த்துவிட்டுத்தானே அவன் சென்னையிலிருந்து குடவாசல் வரை நம்மைத் தேடி வந்தான்? உங்கள் கையால் சாப்பிட்டுக்கொண்டே, செயலியில் வகுப்பு நடத்தும் தன் தொழிலை விளக்கினான். முதல் மாதம் பெயருக்கு ஒரு ரூபாய். அதைக் கட்டும்போதே பெண்கள் வங்கிக் கணக்கிலிருந்து பணம் எடுக்க அனுமதி கொடுத்துவிடுவார்கள். அப்புறம் மாதாமாதம் சந்தா தானாகவே போய்விடும். பாதிப் பேர் பாடத்தை நடுவில் விட்டுவிடுவார்கள், சந்தாவை மட்டும் நிறுத்த மாட்டார்கள் என்றான்.

“கத்துக்கறவங்களால ஆபீஸ் வாடகைதான் வரும் மேடம். மறந்துபோறவங்கதான் நம்மள வாழவைக்கறது.”

“மறந்தவங்ககிட்ட எதுக்குங்க காசு?” என்று கேட்டீர்கள். அவன் சிரித்துவிட்டு இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டான்.

அண்ணனின் கடனை நினைத்து ஒப்புக்கொண்டீர்கள். சும்மா கிடைத்தால் யார் சந்தா கட்டுவார்கள் என்று பழைய வீடியோக்களையெல்லாம் நீக்க வைத்தான். புதிதாக எடுப்பதற்கு அவனே ஒரு போன் கொடுத்தான். உங்கள் பதினாறாம் நாள் காரியம் முடிந்த வாரமே ஆளனுப்பி அதைத் திரும்ப வாங்கிக்கொண்டதும் அவன்தான்.

சிறுநீரகம் பழுதாகி தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் நீங்கள் கிடந்தபோது அவன் பேசியது நினைவிருக்கிறதா? புதுப் பாடம் வராவிட்டால் ஆட்கள் கழன்றுகொள்வார்கள், உங்கள் பங்கும் நின்றுவிடும் என்றான். கட்டிலில் தலையணையை முட்டுக்கொடுத்து, மடியில் துணிச் சட்டத்தை வைத்துக்கொண்டு ஊசியைப் பிடித்தீர்கள்.

“கை வீங்கியிருக்கறது தெரியாம எடு, சுமதி.”

தெரியாமல்தான் எடுத்தேன். அந்தக் கைக்காக அவனை நான் மன்னிக்கவே இல்லை.

நீங்கள் போய் நாற்பது நாள்கூட ஆகியிருக்காது. ஒரத்தநாட்டிலிருந்து உங்கள் மாணவி நூர்ஜஹான் எனக்குப் போன் செய்தார். டீச்சர் முன்போல விளக்கமாகப் பதில் சொல்வதில்லையே, உடம்பு சரியில்லையா என்று கேட்டார். நான் விஷயத்தைச் சொன்னேன்.

“நேத்துகூட லைவ்ல வந்தாங்களே, அக்கா?”

செயலியைத் திறந்து பார்த்தேன். பச்சைப் புடவையில் நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள். மூலையில் ‘நேரலை’ என்று சிவப்பு எழுத்து. பெண்கள் கேட்ட சந்தேகங்களுக்கெல்லாம் உங்கள் பெயரில் யாரோ ‘சீக்கிரம் சொல்றேன் செல்லம்’ என்று பதில் போட்டுக்கொண்டிருந்தார்கள். நீங்கள் யாரை, அண்ணி, செல்லம் என்று கூப்பிட்டீர்கள்?

அவனைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவன் குரலில் ஒரு தடுமாற்றமும் இல்லை. இறந்த செய்தி தெரிந்தால் எல்லாரும் சந்தாவை நிறுத்திவிடுவார்கள் என்றான். எனக்கும் ஒரு பங்கு அனுப்புவதாகச் சொல்லி, சும்மா இருக்கச் சொன்னான்.

சும்மா இருக்கவில்லை. உங்கள் ஆரிச் சட்டத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து என் பழைய போனில் ஒரு வீடியோ எடுத்துப் பேசினேன். வளர்மதி டீச்சர் இறந்துவிட்டார், நான் அவருடைய நாத்தனார், நேற்று நீங்கள் பார்த்தது பழைய பாடம் என்றேன். போனிலிருந்து செயலியை அழித்தால் மட்டும் சந்தா நிற்காது. நிறுத்தும் பொத்தானை உள்ளே எங்கோ ஒளித்து வைத்திருக்கிறான், அதைத் தேட வேண்டாம். பணம் கட்டும் செயலிக்குப் போய் ‘ஆட்டோபே’ என்ற இடத்தில், கொடுத்த அனுமதியையே ரத்து செய்துவிடுங்கள் என்று விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினேன்.

நூர்ஜஹான்தான் அந்த வீடியோவை வாட்ஸப்பில் குழு குழுவாக அனுப்பினார். சேர்ந்ததையே மறந்துபோன பெண்களுக்குக்கூட அது போய்ச் சேர்ந்தது. அவர்கள் அந்த ஒரு வகுப்பை மட்டும் நிறுத்தவில்லை. அவன் நடத்திய கோல வகுப்பு, கேக் வகுப்பு என்று தெரியாமல் பணம் போய்க்கொண்டிருந்த எல்லாவற்றையும் வெட்டிவிட்டார்கள்.

அவன் முதலில் கெஞ்சினான். கேட்கக் கேட்க எனக்கு இனித்தது. அப்புறம் மிரட்டினான்.

“அந்த வீடியோவ நீக்கலைன்னா அந்த வகுப்பையே அழிச்சிருவேன். அப்புறம் உங்க அண்ணி குரலை எங்க போய்க் கேப்பீங்க?”

அங்கேதான் நான் சிக்கிக்கொண்டேன். நம்மிடம் வேறு பிரதி இல்லை. செயலியில் ஓடுவதைப் பதிவு செய்து பார்த்தேன், திரை கறுப்பாகத்தான் வந்தது. காசு கட்டுகிற வரைக்கும் பார்க்கலாமே தவிர, எதுவும் நமக்குச் சொந்தமில்லை. உங்கள் குரலும்தான்.

அண்ணனைக் கேட்காமல் முடிவெடுக்க மனம் வரவில்லை. போன் செய்தபோதுதான் தெரிந்தது, அவரும் சந்தா கட்டியிருக்கிறார். வேலை முடிந்து அறைக்கு வந்ததும், ஊசிக் கொக்கியில் நூலை மாட்டி இழுப்பது எப்படி என்று நீங்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டே சமைப்பாராம். நான் எல்லாவற்றையும் சொன்னேன்.

“செத்தவளப் போட்டு வேலை வாங்கறான். அதுக்கு நான் வேற காசு கட்டிக்கிட்டு இருந்திருக்கேன். நானும் நிறுத்திடறேன், சுமதி. அவன் அழிச்சா அழிச்சுக்கட்டும்.”

நான் வீடியோவை நீக்கவில்லை. அவன் சொன்னபடியே அழித்தான். அலுவலகத்தைக் காலி செய்துவிட்டானாம். கேட்டபோது வயிறு குளிர்ந்தது. கொஞ்சம்கூட இரக்கம் வரவில்லை. வந்திருக்க வேண்டுமா, அண்ணி? உங்களை இரண்டாம் முறையும் வழியனுப்பியது நான்தானா?

இப்போது வேறு பெயரில் தொடங்கப்போகிறானாம். திருவிடைமருதூரில் சமையல் வீடியோ போடும் ஒரு பெண்ணிடம் பேச்சுவார்த்தை நடக்கிறது என்று நூர்ஜஹான் விசாரித்துச் சொன்னார். நாளைக் காலை முதல் பஸ்ஸில் நாங்கள் இருவரும் போகிறோம். அந்தப் பெண் கையெழுத்துப் போடுவதற்குள் அவள் வீட்டில் இருப்போம். அவள் இல்லையென்றால் அடுத்தவள். அவன் எத்தனை பெயரில் கடை திறந்தாலும், அங்கே நான் போய்ச் சேராமல் இருக்க மாட்டேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

இன்னும் ஆறாத கோபத்தோடு,
உங்கள் நாத்தனார்
சுமதி