வேலி மெஷினும் உங்கள் தராசும்

ஏனுங்க, உங்கள் குட்டிப் பேட்டரித் தராசைப் போன வாரம் பரணிலிருந்து இறக்கினேன். ஏற்காடு டவுனில் ஒரு கடைக்காரர் ஏலக்காயைச் சின்னச் சின்னப் பாக்கெட்டாகப் போட்டுக் கேட்டார். டூரிஸ்ட்டுகள் அப்படித்தான் வாங்குகிறார்களாம். பெட்டியைத் திறந்ததும் துப்பாக்கி எண்ணெய் வாசனை குப்பென்று அடித்தது. அந்த வாசனைக்காக உங்களை எத்தனை தடவை வைதிருப்பேன்! இப்போது மூடியை மூட மனசு வரவில்லை. முகத்துக்குப் பக்கத்தில் வைத்து மறுபடி மறுபடி முகர்ந்து பார்த்தேன்.

விளக்கு வைக்கிற நேரத்தில், உங்கள் அறையில், உங்கள் மேசையிலேயே எடை போட உட்கார்ந்தேன். எண் நிற்கவே இல்லை. ஏறுகிறது, இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது. 'எனக்கும் கை நடுக்கம் வந்துருச்சாட்டம் இருக்குது' என்று நினைத்தேன். சிரிப்புக்கூட வந்தது.

மறுநாள் விடிவதற்குள் காட்டுமாடு வந்து மேரக்காய்ப் பந்தலோரம் வேலியைப் பிய்த்துப் போட்டுவிட்டது. கம்பி மாற்றும்வரை கரண்டு வேலி மெஷினை அணைத்து வைத்தோம். அன்று சாயங்காலம் அதே மேசை, அதே தராசு, இதே கை. எண் ஆடாமல் நின்றது. கம்பியை மாற்றி மெஷினைப் போட்டதும் மறுபடி ஆட ஆரம்பித்தது. எழுந்துபோய் மெஷினை அணைத்தேன், நின்றது. போட்டேன், ஆடியது. சுவருக்கு அந்தப் பக்கம் 'டக், டக்' என்று அது வேலிக்குக் கரண்டை அனுப்பிக்கொண்டிருக்க, இந்தப் பக்கம் உங்கள் தராசு குதித்துக்கொண்டிருந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

சேலத்து கிளப்பில் களிமண் தட்டை வீசுவார்கள், நீங்கள் அதைப் பறக்கும்போதே சுடுவீர்கள். அதற்கான தோட்டாவை, முறையாக அனுமதி வாங்கி, நீங்களே நிரப்பவும் செய்தீர்கள். கடைத் தோட்டா உங்களுக்கு ஆகாது. காபித் தோட்டத்து வேலை முடிந்து, குளித்து, ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, மூச்சைக்கூட வேறு பக்கம் திருப்பிவிட்டுத்தான் வெடிமருந்தை இந்தத் தராசில் எடை போடுவீர்கள். "சாமியாரு பூசைக்கு உக்காந்துட்டாரு" என்பேன். "ஏனம்மணி, இதுல கொஞ்சம் கூடிப்போனா துப்பாக்கிக் குழாய் வெடிச்சு மூஞ்சியே போயிரும். சந்தேகம் வந்தா தொடக்கூடாது" என்பீர்கள்.

வேலி போட வைத்தது நான்தான். மெஷினைத் தோட்டத்துக் கொட்டகையில் மாட்டலாம் என்றார் வேலிக்காரர். "கொட்டாயில வெச்சா பேட்டரிய எவனாச்சும் தூக்கீட்டுப் போயிருவான்" என்று, உங்கள் அறைச் சுவருக்குப் பின்னால் மாட்ட வைத்தேன். எர்த் கம்பியையும் அங்கேயே சுவரோரம் அடிக்கச் சொன்னேன். பொழுது சாய்ந்தால் போடுவது, விடிந்தால் அணைப்பது. அந்த அறையில்தானே நானும் சாயங்காலம் ரேடியோ கேட்டுக்கொண்டு தைப்பேன், ஊசியில் நூல் கோக்க மட்டும் உங்களைக் கூப்பிட்டுக்கொண்டு. வேலி வந்த வாரமே பாட்டுக்கு நடுவில் டக் டக்கென்று கேட்டது. "இந்த எழவு மெஷினு ஒரு பாட்டக்கூடக் கேக்க உடாதாட்டம் இருக்குது" என்று ரேடியோவைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனேன். அங்கே அந்தச் சத்தம் இல்லை. நிம்மதியாகப் பாட்டுக் கேட்டேன். உங்கள் மேசைமேல் இருப்பதும் கரண்டு சாமான்தான் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை?

அந்த வாரத்திலிருந்தே உங்கள் தராசும் ஆட ஆரம்பித்தது. நீங்கள் அதற்குப் பேட்டரி மாற்றினீர்கள். மேசைக்காலுக்கு அட்டை வைத்தீர்கள். ஜீப்பில் சேலம்வரை கொண்டுபோய்க் காட்டினீர்கள்; கடையில் அது சொன்னபடி நின்றது. வீட்டிலும் பகலில் நின்றது. சாயங்காலம் மட்டும்தான் ஆட்டம். ஒருநாள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினீர்கள். நான் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "தராசு நல்லாத்தானுங்க இருக்குது. உங்க கைதான் மேசைமேல ஆடுது. பகலெல்லாம் தோட்டத்துல அலைஞ்சா பொழுதோட ஆடாம என்ன பண்ணும்?" என்றேன்.

"கைய எடுத்தாலும் ஆடறாப்பல இருக்குதேம்மணி."

"அப்படின்னா கண்ணும் போயிருச்சு. வயசாயிருச்சுன்னு ஒத்துக்கங்க, போங்க."

இதைச் சொன்னபோது எனக்குச் சந்தோஷமாக இருந்ததுங்க. அதை மறைத்து இந்த மடலை எழுதிப் பிரயோசனம் இல்லை. அந்த மருந்து டப்பா வீட்டுக்குள் இருந்த நாளெல்லாம் அடுப்பு மூட்டவே பயந்தேன். எப்படியாவது விட்டுத் தொலைத்தால் போதும் என்றிருந்தேன். சாக்கு கிடைத்தது, பிடித்துக்கொண்டேன்.

விட்டீர்கள். துப்பாக்கியையும் மருந்தையும் முறைப்படி ஒப்படைத்துவிட்டு வந்து, மிளகுக்கொடிக்கு நடுவே நின்றீர்கள். அதோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன். ஜீப் சாவியை ஆணியில் மாட்டினீர்கள். கொண்டை ஊசி வளைவில் கை தவறினால் என்ன செய்வது என்றீர்கள். காபியைப் பாதித் தம்ளர் ஊற்றச் சொன்னீர்கள். டாக்டர் கையை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். "அவரு பகல்ல பாத்தாரு. பொழுதோட பாத்தாத்தான் தெரியும்" என்றீர்கள். நானும் ஆமாம் போட்டேன். நம் மஞ்சக்குட்டை ஊரில் யார் விசாரித்தாலும் உங்களுக்கு முந்திக்கொண்டு நான்தான் சொன்னேன், அவருக்குக் கை நடுக்கம் என்று.

மகள் பிரசவத்துக்கு வந்தாள். பேத்தியைத் துணியில் சுற்றி, "தூக்குங்கப்பா" என்று உங்களிடம் நீட்டினாள். நீங்கள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டீர்கள். "வேண்டாங் கண்ணு. சந்தேகம் வந்தா தொடக்கூடாது." அவள் முகம் வாடிப்போயிற்று. "அப்பாவுக்கு நொம்ப நடுங்குது சாமி, கட்டாயப்படுத்தாத" என்று நான்தான் நடுவில் புகுந்து குழந்தையை வாங்கிக்கொண்டேன். நீங்கள் குனிந்து அதன் பாதத்தை முகர்ந்து பார்த்தீர்கள், அவ்வளவுதான். அதற்கப்புறம் அது உங்களைப் பார்த்துக் கையை நீட்டும்போதெல்லாம் எட்ட நின்று கிலுகிலுப்பையை ஆட்டிக் காட்டுவீர்கள். அது நடக்கப் பழகுவதற்குள் உங்களுக்கு நெஞ்சு வலி வந்தது. வண்டி மலை இறங்கி முடிப்பதற்குள் போய்விட்டீர்கள்.

இப்போது பேத்தி ஓடித் திரிகிறாள். போட்டோவையெல்லாம் பார்த்துவிட்டு, "தாத்தா மட்டும் ஏன் என்னத் தூக்கவேயில்ல?" என்கிறாள். "தாத்தாவுக்குக் கை நடுங்கும் கண்ணு" என்று சொல்லிச் சொல்லி அவளுக்கும் அது மனப்பாடமாகிவிட்டது.

மெஷினைக் கொட்டகைக்கு மாற்றிவிட்டேன். எவன் வேண்டுமானாலும் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு போகட்டும். ஞாயிற்றுக்கிழமை மகள் வருகிறாள். அவளை உங்கள் மேசைமுன் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன். அவள் கத்தினாலும் சரி, பேசாமல் பஸ் ஏறிப் போனாலும் சரி. உங்களிடம் சொல்ல முடியாததை அவளிடமாவது சொல்ல வேண்டும்.

நேற்று தலையணை உறை தைக்கலாம் என்று ஊசி டப்பாவைத் திறந்தேன். என் கண்ணுக்கு ஊசிக்காது என்றைக்குத் தெரிந்தது? நீங்கள்தான் விளக்கடியில் உட்கார்ந்து, நூலை நாக்கில் நனைத்து, ஒரே குத்தில் கோத்து, "இந்தாம்மணி" என்று நீட்டுவீர்கள். கடைசி வாரம்வரை கோத்துக் கொடுத்தீர்கள். அதுவும் பொழுது சாய்ந்த பிறகு. சுவருக்குப் பின்னால் மெஷின் அடித்துக்கொண்டிருக்கும்போது. தினமும் அதைக் கையில் வாங்கியவள் நான்.

நீங்கள் கடைசியாகக் கோத்த ஊசி நூலோடு டப்பாவில் இருக்கிறது. அதை எடுத்துத் தைக்க எனக்குக் கை வரவில்லைங்க. இப்போது நிஜமாகவே நடுங்குகிறது, எனக்கு.