கேட்டல் தேர்வு: இருபதுக்கு ஆறு

மட்டாஞ்சேரி
16 ஜூன் 2025

திருமதி இசக்கிசெல்விக்கு,

உங்கள் மகள் விஷ்ணுப்ரியா மூலம் என் போன் நம்பர் கேட்டிருந்தீர்கள். தருவதற்கில்லை. நான் போனில் பேசுகிறவள் அல்ல. கையில் போன் கிடைத்துவிட்டால் கால்மணிக்கு ஒருதரம் கூப்பிட்டு "பிள்ளை எப்படிப் படிக்கிறா" என்று கேட்கும் அம்மாக்களை முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூடத்தில் பார்த்துச் சலித்துவிட்டேன். சொல்ல வேண்டியதைத் தமிழில் எழுதி மகளிடமே கொடுத்தனுப்புங்கள். மலையாளம் சரளமாக வாசிக்கிற பெண்ணுக்குத் தமிழில் 'வணக்கம்' தாண்டவில்லை, சோதித்துப் பார்த்தேன். நாம் எழுதுவது அவளுக்கு எட்டாது. அந்த மட்டில் சௌகரியம்.

அவள் இங்கிலீஷைப் பற்றி. மூட்டை எண்ணுகிற மாதிரி வாசிக்கிறாள். ஒவ்வொரு சொல்லிலும் விரல். நிற்க வேண்டிய இடத்தில் ஓடுகிறாள், ஓட வேண்டிய இடத்தில் நிற்கிறாள். இப்படிப்பட்டவளைப் பத்தாம் வகுப்புவரை ஏற்றிவிட்ட மகானுபாவர்கள் என் பழைய பள்ளிக்கூடத்துக்காரர்கள்தான் என்பதில் எனக்கு வெட்கம்.

பதினொன்றில் சயின்ஸ் குரூப் வேண்டும், மருந்தாளுநர் ஆக வேண்டும் என்று சொன்னாள். ஆசைக்குக் குறைவில்லை. அந்தப் பள்ளியில் சயின்ஸுக்கு இங்கிலீஷ் வாசிப்பில் இருபது, கேட்டலில் இருபது, மொத்தம் நாற்பதுக்கு முப்பது வேண்டும். கேட்டல் தேர்வில் சுவரில் மாட்டிய பெட்டியிலிருந்து ஒலிப்பதிவு போடுவார்கள். பிள்ளைகள் கேட்டு விடை எழுத வேண்டும். என் வகுப்பில் ஒலிப்பதிவுக்கு இடமில்லை. அதில் பேசுகிறவர்கள் வாயில் கொழுக்கட்டையை அடக்கிக்கொண்டு பேசுகிறார்கள். நானே வாசிப்பேன், பிள்ளைகள் எழுதுவார்கள். நல்ல இங்கிலீஷ் எப்படி இருக்கும் என்று இந்த ஊரில் வேறெங்கே கேட்கப்போகிறார்கள்?

பிழைக்க வந்த பாண்டிக்காரர்கள் பிள்ளைகளை நான் சாதாரணமாக எடுப்பதில்லை. நடுவில் நிறுத்திவிட்டு ஊருக்கு மூட்டை கட்டுவீர்கள். இவள் முன் பெஞ்சில் உட்காரட்டும்.

ஜெயலக்ஷ்மி, எம்.ஏ., பி.எட்.


சுள்ளிக்கல்
18 ஜூன் 2025

மதிப்பிற்குரிய டீச்சர் அம்மாவுக்கு இசக்கிசெல்வி எழுதிக்கொண்டது. இங்கு நாங்கள் சுகம். உங்கள் சுகத்துக்கும் வேண்டிக்கொள்கிறேன்.

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். நான் சங்கரன்கோவிலில் பன்னிரண்டாவது வரை படித்தவள். ஜூ டவுன் குடோனில் சுக்கும் மிளகும் தரம் பிரிக்கிறேன். மூட்டை எண்ணுகிறவள் நான்தான் அம்மா, என் மகள் இல்லை. ஆனாலும் அவள் வாசிப்பு அப்படித்தான் இருக்கிறது என்பது உண்மை, அதனால் எனக்குக் கோபமில்லை. எங்களைப் பாண்டிக்காரர் என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் வீட்டிலும் தமிழ்தானே பேசுகிறீர்கள் என்று நினைத்துக்கொண்டேன். பெரியவர்கள் எழுதியது, போகட்டும்.

சேர்க்க வந்த அன்று மாடிப்படியில் ஒரு மணிநேரம் உட்கார்ந்து பார்த்தேன். அடுக்களையில் குக்கர் விசில் மேல் விசிலாக அடித்தது. நான் எண்ணினேன், ஒன்பது. பக்கத்து வீட்டுக்காரர் வேலியில் நின்று "டீச்சரே, குக்கர்" என்று கத்தினார். நீங்கள் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. பாடம் என்றால் இப்படி அல்லவா ஒன்றிப்போக வேண்டும் என்று என் வீட்டுக்காரர் பாண்டியராஜனிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனேன். உங்கள் கையில் ஒப்படைத்துவிட்டேன். அடித்தாலும் சரி.

இசக்கிசெல்வி


மட்டாஞ்சேரி
22 செப்டம்பர் 2025

திருமதி இசக்கிசெல்விக்கு,

மூன்று மாத நிலவரம். வாசிப்பில் விரல் போய்விட்டது. ஒரு பக்கக் கட்டுரையைக் கொடுத்தால் எழுதியவர் எதைச் சொல்கிறார், எதைச் சொல்லாமல் மழுப்புகிறார் என்று பிரித்துச் சொல்கிறாள். இதை நான் எதிர்பார்க்கவில்லை. கேட்டல் பயிற்சியில் இருபதுக்குப் பத்தொன்பது. மற்ற ஏழு பேரும் பதினேழுக்குக் குறையவில்லை.

சேவியர் என்றொருவர், என் வகுப்பில் படிக்கும் நிகில் என்கிற பையனின் அப்பா, காக்கநாட்டில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, நேற்று ஒரு சின்ன ஸ்பீக்கரை வாங்கிக்கொண்டு வந்து "இதில் பிராக்டீஸ் கொடுங்கள்" என்கிறார். மனிதர் பேசும்போது உதடே அசையவில்லை. இப்போது எல்லோருமே இப்படித்தான். கடைக்காரன், பஸ் கண்டக்டர், கோயில் குருக்கள்வரை முணுமுணுக்கிறார்கள். வாயைத் திறந்து பேசும் வழக்கமே இந்த ஊரில் ஒழிந்துவிட்டது. ஸ்பீக்கரைத் திருப்பிக் கொடுத்தனுப்பினேன்.

உங்கள் பெண் மெதுவாகப் பேசுகிறாள். நிமிர்ந்து, என் முகத்தைப் பார்த்துப் பேசச் சொல்லுங்கள். குனிந்துகொண்டு பதில் சொல்கிற பிள்ளைகளை எனக்குக் கண்டாலே ஆகாது.

ஜெயலக்ஷ்மி


சுள்ளிக்கல்
3 டிசம்பர் 2025

மதிப்பிற்குரிய டீச்சர் அம்மாவுக்கு வணக்கம்.

தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பள்ளியில் மாதிரித் தேர்வு நடந்தது. வாசிப்பில் விஷ்ணுப்ரியா இருபதுக்குப் பதினெட்டு. வகுப்பில் அவள்தான் முதல். இது உங்கள் கைப்புண்ணியம், மறக்க மாட்டேன். ஆனால் கேட்டலில் ஏழுதான். உங்கள் வகுப்பில் பத்தொன்பது வாங்குகிறவள் அங்கே எப்படி ஏழு வாங்கினாள் என்று எனக்கு விளங்கவில்லை. கேட்டால் அழுகிறாள். "பெட்டி ரொம்ப வேகமாப் பேசுதும்மா" என்கிறாள்.

எனக்கு இங்கிலீஷ் தெரியாது. தெரியாதவள் சொல்கிறேன் என்று தள்ளிவிடாதீர்கள். வாரத்தில் ஒருநாளாவது அந்த ஒலிப்பதிவைப் போட்டுப் பழக்க முடியுமா? என்னுடைய போனைக் கொடுத்தனுப்புகிறேன். உண்மையான தேர்வு ஜனவரி பதினேழில். அதில் பன்னிரண்டு மார்க்காவது வாங்கினால்தான் சயின்ஸ்.

இசக்கிசெல்வி


மட்டாஞ்சேரி
4 டிசம்பர் 2025

இசக்கிசெல்விக்கு,

சுக்கு எப்படித் தரம் பிரிப்பது என்று நான் உனக்கு எழுதினேனா? பிறகு இங்கிலீஷ் எப்படிக் கற்பிப்பது என்று எனக்கு எழுத உனக்கு எங்கிருந்து துணிச்சல் வந்தது?

பள்ளிக்கூடத்துப் பெட்டி ஓட்டை. போடுகிறவனுக்குப் போடத் தெரியாது. பதிவில் பேசுகிறவளுக்கோ பேசவே தெரியாது. இந்த மூன்றையும் விட்டுவிட்டு என்னிடம் வருகிறாய். என்னிடம் படித்தவர்களில் இரண்டு பேர் கலெக்டர் ஆபீஸில் இருக்கிறார்கள். இப்போதைய பிரின்ஸிபல் சுபாஷிணியே என்னிடம் இங்கிலீஷ் எழுத்துக் கூட்டியவள். அவர்கள் யாரும் பெட்டியைக் கேட்டுப் படிக்கவில்லை.

போனைக் கொடுத்தனுப்பினால் பெண்ணும் போனோடு கீழே இறங்கிவிடட்டும். என் முறையில் நம்பிக்கை இருந்தால் இருக்கட்டும், இல்லாவிட்டால் மட்டாஞ்சேரியில் தெருவுக்கு நாலு டியூஷன் சென்டர் இருக்கிறது. அங்கே இங்கிலீஷையும் மலையாளத்தில்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள், உங்களுக்குத் தோதாக இருக்கும்.

ஜெயலக்ஷ்மி


சுள்ளிக்கல்
20 ஜனவரி 2026

டீச்சருக்கு,

டிசம்பரில் நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். எம்.ஏ. படித்தவரிடம் நமக்கென்ன பேச்சு என்று இருந்துவிட்டேன். அது என் புத்திகெட்டதனம். தேர்வு முடிந்தது. வாசிப்பு பதினெட்டு. கேட்டல் ஆறு. மொத்தம் இருபத்திநாலு. சயின்ஸ் கிடையாது.

நேற்று அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, உண்மையைச் சொல் என்று கேட்டேன். சொல்லிவிட்டாள். "டீச்சர் வாசிக்கிறப்போ விடை வர்ற எடத்துல மூக்குக் கண்ணாடியைத் தொடுவாங்கம்மா. நாங்க எட்டு பேரும் அதைப் பாத்துதான் எழுதுவோம். டீச்சருக்கே அது தெரியாது." அப்படியானால் பரீட்சையில் என்ன செய்தாய் என்றேன். "பெட்டியையே பாத்துக்கிட்டு இருந்தேன். அது எதையும் தொடலை."

காதுக்கு வைத்த பாடம் கண்ணால் நடந்திருக்கிறது என்றதும்தான் எனக்கு எல்லாம் உறைத்தது. ஏன் ஒலிப்பதிவு ஆகாது, ஏன் போன் ஆகாது, பிள்ளைகள் ஏன் உங்கள் முகத்தைப் பார்த்தே பேச வேண்டும். அன்றைக்கு ஒன்பது விசில் அடித்தபோது நீங்கள் பாடத்தில் ஒன்றிப்போகவில்லை. உங்களுக்குக் கேட்கவில்லை. டீச்சர், உங்களுக்குக் காது கேட்காது. மிளகு சலிக்கும் மெஷினுக்குப் பக்கத்தில் பத்து வருஷம் நின்ற பெண்களை நான் தினமும் பார்க்கிறேன். அவர்களும் எதிரில் நிற்பவரின் வாயைத்தான் பார்ப்பார்கள். ஆனால் அவர்கள் யாரும், ஊரில் எல்லோரும் முணுமுணுக்கிறார்கள் என்று சொல்வதில்லை. எனக்குக் கேக்கலைடி, சத்தமாச் சொல்லு என்கிறார்கள். அதற்கு எம்.ஏ. வேண்டியதில்லை.

காது போவது குற்றமில்லை. அதை மறைக்க எட்டுப் பிள்ளைகளை உட்காரவைத்து வேடிக்கை காட்டினீர்களே, அதை நினைத்தால் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

பிரின்ஸிபலைப் போய்ப் பார்த்தேன். பிப்ரவரியில், வராத பிள்ளைகளுக்கு மறுதேர்வு வைக்கிறார்களாம். பயிற்சியில் கோளாறு நடந்தது என்று ஜெயலக்ஷ்மி டீச்சர் கைப்பட எழுதிக் கொடுத்தால் இவளையும் உட்காரவைப்பேன் என்றார். எழுதிக் கொடுங்கள். இது ஒன்றுதான் நான் கேட்பது.

இசக்கிசெல்வி


மட்டாஞ்சேரி
24 ஜனவரி 2026

இசக்கிசெல்விக்கு,

உன் கடிதத்தின் மற்ற பகுதிகளுக்குப் பதில் சொல்லும் அவசியம் எனக்கில்லை. வசவுக்கு வசவு எழுதி எனக்குப் பழக்கமில்லை.

சுபாஷிணிக்கு எழுதிவிட்டேன். என் கையெழுத்துக்கு அந்தப் பள்ளிக்கூடத்தில் இன்னும் மதிப்பிருக்கிறது. நீ மறுதேர்வு கேட்டாய். உன் பெண் இனி அந்தத் தேர்வை எழுதவே வேண்டியதில்லை. வாசிப்பில் வாங்கியதையே கேட்டலுக்கும் போட்டுக்கொள்வார்கள். பதினெட்டும் பதினெட்டும் முப்பத்தாறு. சயின்ஸில் சேர்த்துவிட்டு நிம்மதியாகச் சுக்கு பிரி.

என்ன எழுதினேன் என்று குடைய வேண்டாம். எழுதியது இங்கிலீஷில். பெண்ணை இனி அனுப்ப வேண்டாம்.

ஜெயலக்ஷ்மி, எம்.ஏ., பி.எட்.


சுள்ளிக்கல்
18 பிப்ரவரி 2026

டீச்சருக்கு,

இதை என் மகள் கையில் கொடுக்கவில்லை. தபாலில் போடுகிறேன். அவள் இனி உங்கள் படி ஏற மாட்டாள்.

நீங்கள் எழுதிய நாலாம் நாள் பிரின்ஸிபல் கூப்பிட்டுவிட்டார். நாற்காலி போட்டு உட்காரவைத்து, சாயா வரவழைத்து, என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "மோள்க்கு எப்போ முதலா செவி கேள்க்காத்தது?" மகளுக்கு எப்போதிலிருந்து காது கேட்கவில்லை என்கிறார். எனக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. பிறகு உங்கள் கடிதத்தை எடுத்து, வரிக்கு வரி மலையாளத்தில் சொன்னார். இந்தப் பெண்ணுக்குச் சிறு வயதிலிருந்தே செவித்திறன் குறைவு. தாய் தகப்பன் விவரமில்லாத கூலிக்காரர்கள், கவனிக்கவில்லை. ஏழு மாதம் கூடவே இருந்து கவனித்ததில் எனக்கு ஐயமில்லை. ஆகவே கேட்டல் தேர்விலிருந்து விலக்கு அளிக்கவும்.

உங்கள் காதை எடுத்து என் பிள்ளைக்கு வைத்துவிட்டீர்கள். இங்கிலீஷில் எழுதினால் எனக்கு எட்டாது என்று நினைத்தீர்கள். விஷ்ணுப்ரியாவுக்குத் தமிழ் எட்டாது, எனக்கு இங்கிலீஷ் எட்டாது, ஆகையால் எதையும் எழுதலாம். உங்களைப் பெரிய படிப்பாளி என்று குடோன் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். இப்போது உங்களை நினைத்தால் கோபம்கூட வரவில்லை. இவ்வளவுதானா என்று இருக்கிறது.

பேசாமல் இருந்திருந்தால் சயின்ஸ் கையில் இருந்தது. ரிஜிஸ்டரில் காது கேளாதவள் என்று ஒரு வரி, அவ்வளவுதான். இரண்டு நாள் நானும் என் வீட்டுக்காரருமாக யோசித்தோம், மறைக்கவில்லை. கடைசியில் அவளையே கேட்டேன். "எனக்குக் கேக்கும்மா. நான் எழுதறேன்" என்றாள். சர்க்கார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். கண்ணாடி அறையில் உட்காரவைத்து, காதில் ஹெட்போன் மாட்டிவிட்டு, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். ஒன்றையும் விடவில்லை. இரண்டு காதும் நன்றாக இருக்கிறது என்று டாக்டர் எழுதிக் கொடுத்ததைப் பிரின்ஸிபல் மேஜையில் வைத்து, விலக்கு வேண்டாம், மறுதேர்வு போதும் என்றேன். அப்படியானால் டீச்சர் ஏன் இப்படி எழுதினார் என்று கேட்டார். சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். மறைக்க நான் உங்களுக்குக் கடமைப்பட்டவள் இல்லை. அவர் மறுதேர்வுக்குத் தேதி கொடுத்தார்.

பத்து நாள் இருந்தது. என் போனில் ஒலிப்பதிவைப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு கேள் என்றேன். முதல்நாள் ஐந்து சரி. பத்தாம் நாள் பதினைந்து. தேர்வில் பதினாறு. உங்களிடம் ஏழு மாதம், ஆறு. இங்கிலீஷ் தெரியாத என்னிடம் பத்து நாள், பதினாறு. மொத்தம் முப்பத்திநாலு. சயின்ஸ் குரூப்பில் பெயர் எழுதிவிட்டார்கள். வாசிப்புக்குப் பதினெட்டு வாங்கியது உங்களால்தான். அதை இல்லை என்று சொன்னால் நானும் உங்களைப் போல ஆகிவிடுவேன்.

இதோடு ஒரு சீட்டு வைத்திருக்கிறேன். சர்க்கார் ஆஸ்பத்திரி ஓ.பி. சீட்டு, காது டாக்டருக்கு. மகளுக்கு எடுத்தபோதே உங்களுக்கும் ஒன்று எடுத்தேன். ஏன் எடுத்தேன் என்று எனக்கே தெரியவில்லை. வயது தெரியாமல் அறுபது என்று போட்டிருக்கிறேன். செவ்வாயும் வெள்ளியும் காலையில் பார்ப்பார்கள். உள்ளேயிருந்து பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், உங்களுக்குக் கேட்காது. கதவுக்குப் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து, நர்ஸ் வாயைப் பார்த்துக்கொண்டே இருங்கள்.

இசக்கிசெல்வி