மாமான்ரை கமராவிலை நாலாவது ஆள்

வட்டக்கச்சி,
சனிக்கிழமை மத்தியானம்.

என்ரை மகள் சுமித்திராவுக்கு அப்பா எழுதுறது. நானும் அம்மாவும் சுகமாயிருக்கிறம், வயலும் பரவாயில்லை, என்ரை வயிறு மட்டும் என்னைக் கேளாமல் வளருது. நீ அந்த மெல்பேண் குளிருக்கை தடிமன் காய்ச்சல் இல்லாமல் இருக்கவேணும் எண்டுதான் பிள்ளையாரட்டை ஒவ்வொரு நாளும் தொல்லை குடுக்கிறன். போனிலை சொல்லியிருக்கலாம் எண்டு நினைப்பாய். போனை எடுத்தால் அம்மா பறிச்சுப்போடுவா, மிச்சத்தைப் பக்கத்து வீட்டு வடிவம்மாக்கா வேலிக்கு அங்காலை நிண்டு கேட்டு, ஒட்டுசுட்டானிலை இருக்கிற தன்ரை தங்கச்சி வீடு மட்டும் கொண்டுபோய்ச் சேர்த்துப்போடுவா. அதுதான் எழுதி, உன்ரை சிநேகிதன் கோகுலன் திரும்பி வரேக்கை மிளகாய்த்தூளோடை குடுத்துவிடுறன்.

நீ கேட்டது இரண்டு. வினோதன் மாமான்ரை பழைய பிலிம் கமராவுக்குள்ளை டிஜிட்டல் சாமானை வைச்சு அனுப்பியிருக்கிறாய், இப்பிடிப் பழசுகளைத் திருப்பி எழுப்பிறது சரியோ, உங்கடை கொம்பனி மற்றதுகளையும் செய்யலாமோ எண்டது ஒண்டு. கமராவுக்குள்ளை கிடந்த மாமான்ரை பிலிமைக் கழுவுறதோ விடுறதோ எண்டது மற்றது. இவ்வளவு காலம் மண்ணுக்கை கிடந்தது, ஒருக்காத்தான் கழுவலாம், படம் வராட்டி பிறகு ஒண்டுமில்லை எண்டும் எழுதியிருந்தாய்.

முதலாவதுக்குப் பதில் சொல்லக் கமராவைக் கழுத்திலை கொழுவிக்கொண்டு சந்தைக்குப் போனன். ஜெகதீஸ்வரி ரீச்சர் கண்டிட்டு, என்ன யோகண்ணை இந்த வயசிலை பெட்டையளைப் படமெடுக்கவோ எண்டா. பெட்டையள் எங்கை ரீச்சர், மாடுகூடத் திரும்பிப் பாக்கேல்லை எண்டன். பின்னுக்குப் படம் தெரியிற கண்ணாடி வைக்காமல் விட்டது நல்ல வேலை, இல்லாட்டி அம்மா தனக்கு நாடி இரண்டாத் தெரியுது எண்டு எல்லாத்தையும் அழிக்கச் சொல்லியிருப்பா. கண்ணை வைச்சுப் பார்த்தால் நடுவிலை அந்த மங்கல் சதுரம், அதுக்குள்ளை ஆள் இரண்டாத் தெரிய, வளையத்தைத் திருப்பத் திருப்ப இரண்டும் வந்து ஒண்டாகிறது, எல்லாம் மாமா காட்டித்தந்த மாதிரியே இருக்கு. முன்னுக்கு இருக்கிற, இழுத்துவிட்டால் கிர்ர்ர் எண்டு ஓடித் தானாப் படமடிக்கிற அந்தக் கொக்கி மட்டும் இப்ப சும்மா வடிவுக்குத்தான், உள்ளுக்கை இடமில்லாததாலை அதின்ரை சில்லெல்லாம் கழட்டிப்போட்டன் எண்டு நீ எழுதியிருந்தாய். அதுக்குப் பிறகு வாறன்.

மாமான்ரை பிலிமிலை கடைசிப் படம் உனக்கு ஞாபகமிருக்கோ தெரியாது. இடம்பெயர முதல் எங்கடை முற்றத்திலை எடுத்தது. நான், அம்மா, இரட்டைப் பின்னலோடை நீ. மூண்டு பேர் நிண்டு படமெடுத்தால் ஒராளுக்கு ஆகாது எண்டு அம்மா துள்ளின துள்ளலிலை, அவன் அந்தக் கொக்கியை இழுத்துவிட்டிட்டு ஓடிவந்து தன்ரை அக்கா, உன்ரை அம்மான்ரை இடப்பக்கம் நாலாவது ஆளா நிண்டவன். பிறகு கமராவைப் பொலித்தீனிலை சுத்தி முற்றத்திலை தாட்டது, கடைசிச் சண்டைக்கை மாத்தளனிலை சனத்துக்கை அவனைத் தவறவிட்டது, திரும்பி வந்து கமராவை மட்டும் கிண்டி எடுத்தது எல்லாம் உனக்குத் தெரியும். ஊரையெல்லாம் படமெடுத்தவனுக்கு அடையாள அட்டைப் படம் ஒண்டைவிட வேறை படமில்லை. அதைப் பெருப்பிச்சுத்தான் அம்மா மாசாமாசம் கிளிநொச்சியிலை றோட்டோரம் பிள்ளையளைக் காணாமல் தேடுற மற்றச் சனத்தோடை நிக்கிறவா. அதிலை அவனுக்கு மீசைகூட இல்லை. வளந்த வினோதன் இருக்கிறது நீ வைச்சிருக்கிற பிலிமிலை மட்டும்தான். அதுதான் வராட்டி என்ன செய்யிறது, கழுவவேண்டாம், கிடக்கட்டும் எண்டு அம்மா பிடிவாதமா நிண்டவா.

போன கிழமை வடிவம்மாக்காவும் அவவின்ரை மருமகள் சுரேகாவும் கோயிலுக்கு வெளிக்கிட்டு வந்தினம். அம்மாவையும் சேர்த்து அதே முற்றத்திலை நிப்பாட்டினன். நல்ல வெயில். அம்மாவைப் பார்த்து வளையத்தைத் திருப்பினன், அம்மா ஒண்டாகிட்டா. பக்கத்திலை மங்கலா நிண்ட ஆள் மட்டும் எவ்வளவு திருப்பியும் ஒண்டாகேல்லை. சுரேகான்ரை மனுசன் சுதாகரன் வந்து நிக்கிறான், அவன் எப்பவும் ஆடிக்கொண்டுதானே நிக்கிறவன் எண்டு நினைச்சு, நாலு பேர் சரி எண்டு அடிச்சிட்டன். கமராவை இறக்கினால் மூண்டு பேர். மூண்டு பேரை ஏனப்பா எடுத்தனீங்கள் எண்டு அம்மா பேசத் தொடங்கினா. சுதாகரன் எங்கை எண்டன். அவர் வயலிலை எண்டு சுரேகா சொன்னாள். எனக்குக் கண்ணிலை வெள்ளை படருது போலை எண்டு பகிடி விட்டன்.

ரவுணிலை கொம்பியூட்டர்க் கடையிலை குடுத்துப் பார்த்தன். படத்திலை மூண்டு பேர்தான். ஆனா அம்மாவுக்கும் சுரேகாவுக்கும் நடுவிலை ஒராள் நிக்கிற அளவுக்கு இடம். அம்மான்ரை இடக்கை ஆற்றையோ தோளிலை போட்டமாதிரி வெறுங்காத்திலை நிக்குது. நான் கேக்க முதலே கடைக்காரர், அண்ணை நடுவிலை நிண்டவர் எங்கை எண்டு கேட்டார். அழிக்கட்டோ எண்டும் கேட்டார். வேண்டாம் எண்டு கார்டைப் பறிச்சுக்கொண்டு வந்திட்டன்.

அம்மாவுக்குக் காட்டினன். அழுவா எண்டு நினைச்சன், அழேல்லை. கனநேரம் பார்த்திட்டு, கழுவச் சொல்லுங்கோ எண்டா. வந்தால் வரட்டும், வராட்டிப் போகட்டும், ஓடிவந்து நிண்ட பிள்ளையை இவ்வளவு காலமும் இருட்டுக்கை நிக்க வைச்சிருக்கிறம், அவனுக்குக் கால் நோகாதே எண்டா. ஆகவே பிள்ளை, இரண்டாவதுக்குப் பதில் இதுதான், கழுவு. முதலாவதுக்கு, தாராளமா எழுப்புங்கோ. ஆனா எழும்பிறது கமரா மட்டும்தான் எண்டு மட்டும் உங்கடை கொம்பனி ஆருக்கும் எழுதிக் குடுக்கவேண்டாம்.

நல்லாச் சாப்பிடு, குளிருக்குக் காதை மூடு, மாமான்ரை பேரைச் சொல்லி ஒரு விளக்குக் கொளுத்திப்போட்டுப் பிலிமிலை கை வை. கண்ணகை அம்மன் உனக்குத் துணை. கடைசியா ஒண்டு மறக்காமல் எழுது: அந்தக் கொக்கியின்ரை சில்லை நீ உண்மையாக் கழட்டினனியோ? இதை எழுதிக்கொண்டிருக்கேக்கை கமரா வைச்ச அலுமாரிக்குள்ளை கிர்ர்ர் எண்டு கேக்குது. அம்மா குசினியாலை வந்து, தலையைத் தடவிச் சரிபண்ணிக்கொண்டு எனக்குப் பக்கத்திலை வந்து நிக்கிறா. இடப்பக்கம் கொஞ்சம் இடம் விட்டு.

உன்ரை அன்பு அப்பா,
யோகலிங்கம்